சம்பந்தி உட்கார்ந்த போர்வை

தற்பெருமை பேசுகிறவனை யாருக்கும் பிடிக்காது என்கிறார்கள். எனக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதா பின்னே? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ராஜபாளையத்தில் வாடகைக்கு ஒற்றைத் தறி பிடித்து, பிறகு ஒரு கொட்டகை நிறைய விசைத்தறி போட்டேன். தமிழ்நாட்டில் யாருக்கு அடிபட்டாலும் என் பேண்டேஜ் துணியைத்தான் கட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். (கொஞ்சம் கூடத்தான். ரொம்பக் கூட இல்லை.)

கூடவே ஆஸ்பத்திரிப் பஞ்சும் விற்றேன். வாங்க வருகிறவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, ஒரு துண்டுப் பஞ்சைப் போடுவேன். கண் மூடித் திறப்பதற்குள் குடிக்கிற மட்டும் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். "பாத்தீகளா, என்னா குடி குடிக்குதுன்னு!" என்பேன். இந்த டம்ளரை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறந்துதான் மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் என் மகள் செல்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தேன். சம்பந்தி கோர்ட்டில் ஹெட் கிளார்க். படித்த குடும்பம். கல்யாணப் பேச்சின்போதே சம்பந்தியின் அக்கா, என் காதில் விழுகிற மாதிரி, "புண்ணுக்குக் கட்டுத துணி நெய்யுதவுக வீட்டுலயா பொண்ணு எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பேச்சு என் பிள்ளையை அந்த வீட்டில் எந்த மூலையில் நிறுத்துமோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

பேத்தி பிறந்து, தாயையும் பிள்ளையையும் அங்கே கொண்டுபோய் விடுகிற நாள் வந்தது. கொலுசும் தொட்டிலும் கடையில் எவனும் வாங்குவான். அந்த அக்கா வாயைத் திறக்க முடியாத ஒரு சீரை என் கையாலேயே செய்வேன் என்று கிளம்பினேன். பஞ்சு வைத்துத் தைத்த போர்வை! மார்கழிப் பனிக்குப் பேத்திக்கு இதமாக இருக்கும்.

மனைவியின் பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டேன். (அதில் ஒன்று அவ்வளவு பழசில்லை என்பது வெட்டின பிறகுதான் தெரிந்தது.) தொட்டுப் பார்த்தே நூலுக்கு நம்பர் சொல்லுகிற எனக்கு, அதே நூலை ஊசியில் கோர்க்கத் தெரியவில்லை. ஊருக்கே கட்டுத்துணி கொடுக்கிறவன் விரலெல்லாம் கட்டோடு அலைந்தேன்.

உள்ளே வைக்கப் பஞ்சுப் பொதியைப் பிரித்தபோது மனைவி கேட்டாள்: "மெத்தைக் கடையில சொன்னா நல்ல பஞ்சு தருவாகல்ல? ஆஸ்பத்திரிப் பஞ்சு எதுக்குங்க?"

"ஏட்டி, அந்தப் பஞ்சுல கொட்டையும் தூசியுமா கெடக்கும். இது டாக்டர் தொடுத பஞ்சு. எம் பேத்தி இதுலதான் படுக்கணும்."

"என்னமும் செய்ங்க. எனக்குச் சேலை போச்சு."

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. போர்வையை உதறி நடுவில் விரித்துப் பேத்தியைப் படுக்க வைத்தேன். பந்திக்குத் தண்ணீர் கொண்டுபோன ஒருவர் கைதவறிச் சொம்பை அதன் ஓரத்தில் கவிழ்த்தார். பதறிக் குனிந்து பார்த்தால் தரையில் ஈரத்தையே காணோம். காலிச் சொம்பு போல என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியின் அக்கா கவலைப்பட்டார்.

"வந்ததுலருந்து பிள்ளை ஒண்ணுக்கே போகலையே, ஒடம்புக்கு ஆகலையா?"

"எங்க வீட்டு வளர்ப்பு அப்படிங்க. நேரம் பாத்துத்தான் போவா" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

போட்டோக்காரர் வந்தார். சம்பந்தி புது மல்லு வேட்டியில், நல்ல கனத்த சரீரம், பேத்தியைத் தூக்கி மடியில் வைத்தபடி போர்வையின் நட்டநடுவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகம் ஒரு மாதிரிப் போனது. "சிரிங்க சார்" என்றார் போட்டோக்காரர். சம்பந்திக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்து முடித்து அவர் எழுந்து திரும்பினார். பின்பக்கம் வேட்டி சொட்டச்சொட்ட நனைந்திருந்தது.

"ஏலே தம்பி, பிள்ளை முன்னாலல்லா இருந்துச்சு? பின்னால எப்படிலே நனைஞ்சுது?" என்றார் அக்கா.

"யக்கா, சத்தியமா நான் இல்லக்கா!" கோர்ட்டையே அதட்டுகிறவர், கூண்டில் நிற்கிறவர் போலக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் எனக்கு டம்ளர் ஞாபகம் வந்தது.

அக்கா போர்வையின் முனையைப் பிடித்துப் பிழிந்தார். கொட்டியது. "கட்டுத்துணிக்காரவுக சீரு இதுதானாக்கும்?" என்றார். கதவோரம் நின்ற செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு என் தறிக்கொட்டகை முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுபோன மாதிரி இருந்தது.

சம்பந்தியம்மாதான் முன்னால் வந்து போர்வையைப் புரட்டினார். "இதென்னண்ணே, அடியில புள்ளிபுள்ளியா?"

"ஊசி குத்துன ரத்தம் தங்கச்சி."

"நீங்களேயா தச்சீக?"

"ஆமா." பெருமையே இல்லாமல் நான் சொன்ன ஒரே 'ஆமா' அதுதான்.

அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "மதினி, நம்ம வீட்டு ஆம்பளைக ஒரு பொத்தானாவது தச்சிருக்காகளா? இவுக விரலைப் பாருங்க. ஏட்டி செல்வி, ஏன் தலையக் குனியுத? ஒங்கப்பா மாதிரி எங்கப்பா எனக்குத் தச்சுத் தரலையே!" என்றவர், புருஷன் வேட்டியை இன்னொரு தரம் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு கூடமே சிரித்தது. கடைசியாக அந்த அக்காவும்.

(நான் அத்தோடு சும்மா இருந்தேனா? "நானே அலசித் தாரேன்" என்று போர்வையைக் கொல்லைத் தொட்டியில் போட்டேன். தொட்டித் தண்ணீரை முக்கால்வாசி குடித்துவிட்டு எருமை போலக் கிடந்தது. மாற்று வேட்டி கட்டி வந்த சம்பந்தி ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக இழுத்துக் கொடியில் போட்டோம். கொடி அறுந்தது.)

சம்பந்தியம்மா அதைப் பிரித்து, கூமாப்பட்டியில் தன் தம்பி தோப்பிலிருந்து இலவம்பஞ்சு வரவழைத்து அடைத்தார். பிறகு தொண்ணூறுகளில் பிறந்த பேரன் பேத்தி எல்லாருக்கும் நான்தான் போர்வை தைத்தேன். பஞ்சு மட்டும் அவர் பொறுப்பு. என் மகள் அந்த வீட்டில் தலைகுனிந்து நின்றதை அன்றைக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. நானாக முன்னுக்கு வந்தவன், எவர் தயவும் இல்லை என்று எல்லாரிடமும் சொல்வேன். அந்த அம்மா இருக்கிற இடத்தில் மட்டும் சொல்வதில்லை.

அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது. சம்பந்தி என் வீட்டுக்கு வந்தால், எதில் உட்காரச் சொன்னாலும் முதலில் உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்க்கிறார்.

"மர நாற்காலிதான், சும்மா உக்காருங்க சம்பந்தி."

"மரந்தான் சம்பந்தி. செஞ்சது நீங்க இல்லையே?"