சட்னியில் என்ன கடலை?

தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில் ஒரு காலத்தில் அரியலூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு லாரி டிரைவரின் உதடு வீங்கிய அன்றுதான் அந்தப் பழக்கம் என்னை விட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவின் டிபன் கடையில் உதவிக்கு நின்றேன். (உதவி என்பது அடக்கமான சொல். ஆட்சியைப் பிடித்தேன் என்பதே சரி.) ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எப்படிப் பரிமாறுவது என்று ஒரு முழுப் பாடம் படித்திருந்தேன். அதில் வகுப்பிலேயே முதல் மார்க் நான்தான் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அன்று அப்பா பெரம்பலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலை நேரம், கடையில் நிற்க இடமில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியை ஓரங்கட்டிவிட்டு செல்வராசு என்ற டிரைவர் வந்து உட்கார்ந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. இட்லி கேட்டவர், ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"சட்னில வேர்க்கடல இருக்காம்மா? எனக்கு ஆவாதுங்க. சின்ன வயசுல கடல உருண்ட தின்னுட்டு, பொழச்சதே பெரும்பாடு."

நான் படித்த பாடத்தில் இதற்கு ஒரே பதில்தான். சமையலறைக்குப் போய்க் கேட்க வேண்டும். பதினைந்து அடி தூரம். நான் போகவில்லை.

"எங்க கடைல எப்பவும் பொட்டுக்கடலதாங்க. தைரியமா சாப்பிடுங்க."

இரண்டாவது வாயில் அவர் கை நின்றது. "வாய் அரிக்குதும்மா. இது பொட்டுக்கடல இல்ல."

"பச்ச மொளகா காரங்க அது" என்றேன். அதோடு விட்டேனா? சட்னி வாளியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டம்ளரில் ஊற்றி, அவர் கண் முன்னாலேயே குடித்துக் காட்டினேன். (எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாதுதான். ஒவ்வாமை எனக்கா இருந்தது?)

நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவருடைய கீழுதடு தடித்துவிட்டது. கண்கள் சுருங்கின. குரல் கரகரத்து, மூச்சுக்குத் திணறினார். அது காரமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஐந்து நிமிட தூரம். லாரியை ஓட்டும் நிலையில் அவர் இல்லை. எனக்கும் லாரி ஓட்டத் தெரியாது. (நல்லவேளை, அதைத் தெரியும் என்று சொல்லவில்லை.) என் ஸ்கூட்டரின் பின்னால் அவரை உட்காரவைத்துக்கொண்டு பறந்தேன். முன் சக்கரம் பாதி நேரம் தரையில் இல்லை.

டாக்டரம்மா அவரைப் பார்த்ததுமே தொடையில் ஊசி போட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "என்ன சாப்ட்டாரு?"

"பொட்டுக்கடல சட்னி மேடம்."

பேச முடியாமல் படுத்திருந்த செல்வராசு இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார்.

"கடைக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன். எங்கள் சமையல் மாஸ்டர் கோவிந்தனின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "பொட்டுக்கடல நேத்தே தீந்துபோச்சே பாப்பா. வேர்க்கடலயதான் வறுத்து அரைச்சேன். காலைல உங்கிட்ட சொன்னப்ப, 'எல்லாம் எனக்குத் தெரியும் மாஸ்டர்'னு போயிட்டியே."

பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவர்கூட எழுந்து என்னைப் பார்த்தார்.

ஊசி வேலை செய்தது. ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. ஆலத்தியூரிலிருந்து பஸ் பிடித்து அவர் மனைவி வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எங்க பாப்பாவுக்கும் கடல ஆவாதுங்க. அவ வந்து சாப்ட்டிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாளே அன்றன்றைய சட்னியில் என்னென்ன இருக்கிறது என்று கடை வாசலில் எழுதிவைத்தேன். வேர்க்கடலைக்குத் தனி மிக்ஸி ஜார், தனிக் கரண்டி. யாராவது 'ஆவாது' என்றால், உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்காமல் ஒருவரும் பதில் சொல்லக் கூடாது. இன்றுவரை எங்கள் கடையில் அதில் ஒரு பிசகு கிடையாது. இதை நான் தைரியமாகவே சொல்வேன்.

பத்து நாள் கழித்து செல்வராசு திரும்ப வந்தார். வாசலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இன்னிக்கு என்னா சட்னி?" என்றார்.

"தேங்காயும் பொட்டுக்கடலையுங்க."

"பாத்துட்டு சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா?"

கல்லாவில் இருந்த அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நான் எதைச் சொன்னாலும் இந்தக் கேள்விதான். கேஸ் மூடியாச்சு என்றாலும் கேட்பார்கள், மழை வராது என்றாலும் கேட்பார்கள்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். பையனைப் பிடித்திருக்கிறதா என்று அத்தை கேட்டதும், "புடிச்சிருக்கு" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் அப்பா கேட்டார். "பாத்துட்டு சொல்றியா, பாக்காம சொல்றியா?"

பார்க்கவில்லைதான். தலையை நிமிர்த்தி ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் சொன்னேன்.