பிளாட்டினத்தாரும் நான்கு எல்லைகளும்

தீவுப்பகுதி முழுவதிலும் அவசரப்படத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் நாரந்தனையில் இருந்தார். வீட்டுக் கூரையில் தீப்பிடித்தாலும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார் என்று ஊர் சொல்லும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வாக்காளர் இடாப்பில் மட்டும் வழங்கியது. மற்ற எல்லாருக்கும் அவர் பிளாட்டினத்தார்.

1956இல் மலாயாவிலிருந்து ஊர் திரும்பியவர் அவர். மலாயாவிலிருந்து வந்த மற்றவர்கள் ஓய்வூதியத்தோடு காணி வாங்கினார்கள், மதில் கட்டினார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தென்னாபிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும் ஒரு கொம்பனியின் பங்குப் பத்திரங்கள். ஈப்போவில் வெள்ளீயச் சுரங்கம் ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் களஞ்சியக்காரராக இருந்தபோது, இரண்டு சிறிய பிளாட்டினக் கிண்ணங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

"தம்பி, விடிய நெருப்பிலை வைப்பாங்கள். பின்னேரம் எடுப்பாங்கள். நிறுத்துப் பார்த்தால் ஒரு குண்டுமணி குறையாது. இருபத்திரண்டு வருஷம் பார்த்தனான். இப்பிடி ஒரு சாமானை நம்பாமல் வேறை எதை நம்பிறது?" என்பார்.

அந்த நம்பிக்கையில் சேமலாப நிதி முழுவதையும் பங்குகளாக மாற்றிவிட்டார். வாங்குவதற்கு முன் அந்தக் கொம்பனியை மூன்று வருடம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிளாட்டினம் தனியாகக் கிடைப்பதில்லை. அதனோடு இன்னும் ஐந்து உலோகங்கள் கூடவே வரும் என்பதை எனக்குக் கற்பித்தவை அவர் வீட்டுக் கால்நடைகள். பசு பலேடியம். கன்று இரிடியம். ஆடுகள் ரோடியம், ருதேனியம். "தவமணி, ரோடியத்துக்குத் தண்ணி வைச்சனியே?" என்று அவர் மகளைக் கூப்பிடும் சத்தம் ஒழுங்கை முனைவரை கேட்கும். கிடாய்க்குப் பெயர் ஒஸ்மியம். அந்தச் சொல் கிரேக்க மொழியில் மணத்தைக் குறிப்பது என்று பின்னாளில் வாசித்தேன். கிடாய்க்குக் கிட்டப் போனவர்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

நயினாதீவு அம்மன் தேருக்கு ஒருமுறை போனார். புங்குடுதீவுத் துறையில் சனம் நெருக்குப்பட்டது. "பொறுப்பம், அடுத்த லாஞ்ச் வரும்தானே" என்று ஒன்றை விட்டார். இரண்டை விட்டார். கடைசியில் போய்ச் சேர்ந்தது அடுத்த நாள் மத்தியானம். தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது; கச்சான் கடைக்காரர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். திரும்பி வந்து எல்லாரிடமும் சொன்னார்: "இந்த முறைதான் அம்மாளாச்சியை வடிவாய்க் கண்டனான். நானும் அவவும் மட்டும்தான்."

1963இல் ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். என் சொந்த ஊர் வேலணை. பார்த்ததைத் தேதியோடு குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. ஆகவே பிளாட்டினத்தார் வரும் நாட்களும் என் கொப்பியில் உண்டு. கொம்பனியின் ஆண்டறிக்கை லண்டனிலிருந்து வரும் வாரத்தில் நாரந்தனையிலிருந்து நடந்தே வருவார். உறையைக் கையில் வாங்கியதும் பிரிக்க மாட்டார். வாசிகசாலைக்குக் கொண்டுபோய், வாங்கில் அமர்ந்து, தலைவர் உரையைத் தமிழாக்கி உரக்க வாசிப்பார்.

"இந்த வருஷம் பங்கிலாபம் இல்லையாம்."

"அப்ப நட்டமோ அண்ணை?" என்று கேட்பார்கள்.

"சீச்சீ, நட்டமில்லை. உலகத்துக்கு இன்னும் விளங்கேல்லை. பொறுங்கோ."

பங்கின் விலை விழுந்த செய்தி வந்தால் அன்று வீட்டில் பாயாசம். மலிவு காலத்தில் சந்தோசப்படாதவன் எந்தக் காலத்தில் சந்தோசப்படப் போகிறான் என்பது அவர் வாதம்.

ஒரேயொரு நாள் அவர் வாசிப்பைப் பாதியில் நிறுத்தியதை நான் கண்டேன். இடதுசாரி ஆசிரியர் ஒருவர் எழும்பிக் கேட்டார்: "அண்ணை, அங்கை கறுத்தச் சனத்தை மந்தை மாதிரி அடைச்சு வைச்சல்லோ உந்தச் சுரங்கம் கிண்டுறாங்கள்?" பிளாட்டினத்தார் அறிக்கையை மூடிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பதிவுத் தபாலில் கொம்பனித் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டார்: தொழிலாளிக்கு என்ன சாப்பாடு, எத்தனை மணி வேலை, பெண்சாதி பிள்ளை கூட இருக்கலாமா? மூன்று மாதம் கழித்துப் பதிலோடு ஒரு படம் வந்தது. வாசிகசாலையில் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"குசினியைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கிறாங்கள். சாப்பிடுற ஆக்களைக் காணேல்லை."

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியை எழுதிப் போட்டார். முத்திரை ஒட்டிக் கொடுத்தவன் நான்.

ஆண்டறிக்கையை நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது தபால் சேவையின் மீதிருந்த பற்றினால் அல்ல. தவமணியினால். 1967 ஆவணியில் வீட்டில் சொன்னேன். அப்பு, என் தகப்பனார், புகையிலைத் தோட்டக்காரர். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். பெண் கேட்கப் போன இடத்தில் சீதனக் கதை வந்தது.

"என்ன குடுக்கிறியள்?" என்றார் அப்பு.

"இருக்கிற வீடும் வளவும் மூத்தவளுக்கு எழுதியாச்சு. தவமணிக்கு என்ரை பங்கு முழுக்க."

"உந்தக் கண்டறியாத பிளாட்டினமோ? அதை வித்துப்போட்டு வேலணையிலை பத்துப் பரப்புத் தோட்டக்காணி வாங்கித் தாங்கோ."

"இப்ப விக்கேலாது. விலை விழுந்து கிடக்கு. பொறுங்கோ."

"எவ்வளவு காலம்?"

"ஒரு பத்து வருஷம்."

அப்பு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

ஒரு நாள் தவமணி தபாற்கந்தோருக்கு வந்தாள். ஒரு முத்திரை வாங்கினாள். "அப்பா விக்க மாட்டார். உங்கடை அப்பு விட மாட்டார். நீங்கள் என்ன செய்யப் போறியள்?" என்று தணிந்த குரலில் கேட்டாள். எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு சொல்: "பொறுப்பம்."

"வீட்டிலை ஒரு ஆள் காணாதெண்டு இஞ்சையும் ஒண்டோ!" என்று மிச்சக் காசையும் வாங்காமல் போய்விட்டாள்.

வேறு மூன்று இடங்களில் பேசி வந்தார்கள். மூன்றையும் மறுத்தேன். 1968 வைகாசியில் அப்பு இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "சரி, அவர் விக்க வேண்டாம். ஆனால் எழுத்திலை உறுதி வேணும். காணி உறுதி மாதிரி, நாலெல்லையும் போட்ட உறுதி."

ஊர்காவற்றுறை நொத்தாரிசு வீட்டில் எல்லாரும் கூடினோம். எல்லை இல்லாமல் உறுதி எழுதிப் பழக்கமில்லாதவர் அவர்.

"எழுதும் நொத்தாரிசு," என்றார் பிளாட்டினத்தார், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல். "கிழக்கு, மலை. மேற்கு, ஆறு. வடக்கு, ரயில் பாதை. தெற்கு, வெள்ளைக்காரன்ரை மாட்டுப் பண்ணை."

"கிணறு இருக்கோ?" என்று கேட்டார் அப்பு.

"சுரங்கத்துக்குள்ளை ராப்பகலாய்த் தண்ணி ஊறுது. மெசினாலை இறைச்சுக்கொண்டே இருக்கினம்."

அப்புவின் முகம் முதல்தடவையாகத் தெளிந்தது. "அப்ப கிணத்திலை பங்கும் எழுதுங்கோ. வழிவாய்க்கால் உரிமையும் போடுங்கோ. பனை?"

பிளாட்டினத்தார் கையை விரித்தார். "பனை இல்லை. பொய் சொல்லக்கூடாது."

"ஒரு பனைகூட இல்லாத காணியோ!" என்று அப்பு பெருமூச்சு விட்டார். ஆனாலும் கையெழுத்து வைத்தார். ஆவணியில் கலியாணம் என்று நாளும் வைத்தார்கள்.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் நொத்தாரிசு தபாற்கந்தோர் யன்னலுக்கு வந்து நின்றார். கடமை தவறாத மனிதர். உறுதியின் பிரதியை ஆங்கிலமாக்கி, பதிவு செய்யும்படி லண்டனுக்கு அனுப்பியிருந்திருக்கிறார். பதில் வந்துவிட்டது.

"தம்பி, வாசியும்."

கொம்பனியின் காரியதரிசி மிக மரியாதையாக எழுதியிருந்தார். தங்கள் சுரங்கத்தில் ஊறும் நீர் குடிக்கவோ தோட்டத்துக்கு இறைக்கவோ உகந்ததல்ல. வழி உரிமையைப் பொறுத்தவரை, சுரங்கத்துக்குள் இறங்க விரும்பும் பங்குதாரர் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறவேண்டும்; தலைக்கவசம் வழங்கப்படும். இதுவரை வாசித்துச் சிரித்தேன். கடைசி வரியில் சிரிப்பு நின்றது. உறுதியில் சீதனம் கொடுப்பவராகக் கண்ட நபரின் பெயரில் தற்போது ஒரு பங்குகூட இல்லை.

"மனிசன் எப்பவோ வித்துத் திண்டிட்டார் போலை கிடக்கு," என்றார் நொத்தாரிசு. "உம்மடை அப்புவுக்குச் சொல்லாமல் விட என்னாலை ஏலாது. கலியாணம் உம்முடையது. பின்னேரம் வரைக்கும் பார்க்கிறன்."

நாரந்தனைக்கு நான் சைக்கிள் மிதித்த வேகத்தை இன்று நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. இந்தக் கடிதம் அப்புவின் கைக்குப் போனால் தவமணி எனக்கு இல்லை. அவரோ முற்றத்தில் பலேடியத்துக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்ற நிலையில் இரண்டு தரம் வாசித்தார்.

"நல்ல இங்கிலீசு," என்றார்.

"ஐயா, பங்கு எங்கை?"

"அலுமாரிக்குள்ளை."

உள்ளே போய் ஒரு நீள உறையோடு வந்தார். அதற்குள் புதிய பங்குப் பத்திரங்கள் இரண்டு. பெரும் பங்குக்கு ஒன்று; பத்தே பங்குக்கு ஒன்று, அச்சு எப்படி வருகிறது என்று பார்க்க முதலில் எடுத்ததாம். இரண்டிலும் உடைமையாளர் இருவர். முதலில் தவமணியின் பெயர். பக்கத்தில் என் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

"இது எப்ப ஐயா வந்தது? என்ரை கையாலை வரேல்லையே?"

"உம்மடை கந்தோராலை வந்தால் நீர் பார்த்திடுவீர். யாழ்ப்பாணத்திலை வங்கிக்கு வரச் சொன்னனான்."

"அப்ப அந்த உறுதி?"

"கொப்பர் எல்லை கேட்டார். குடுத்தனான். மனிசன் அண்டைக்கு நித்திரை கொண்டிருப்பார்."

தேதியைப் பார்க்காமல் என்னால் எந்தத் தாளையும் மடிக்க முடியாது. பார்த்தேன். தை மாதம். இரண்டு வீட்டாரும் தெருவில் கண்டால் முகம் திருப்பிய காலம்.

"ஐயா, தையிலை கலியாணக் கதையே இல்லையே. நான் வேறை இடத்திலை கட்டியிருந்தால்?"

வைக்கோலை உதறிப் பசுவின் முன் பரப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கொம்பனியை வாங்க முந்தி மூண்டு வருஷம் பார்த்தனான். உம்மை நாலு வருஷத்துக்கு மேலை பார்த்திட்டன், தம்பி."

பின்னேரத்துக்குள் பத்திரங்கள் நொத்தாரிசின் மேசையில் இருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை வாசித்தார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புவுக்கு அது கடைசிவரை தெரியாது. ஆபிரிக்காவில் தனக்கு ஒரு கிணற்றுப் பங்கு உண்டு என்ற பெருமையோடுதான் கண்மூடினார்.

பிளாட்டினத்தார் சொன்ன பத்து வருடம் பன்னிரண்டாக நீண்டது. அமெரிக்காவில் கார்ப் புகையைச் சுத்தம் செய்ய அந்த உலோகத்தைத் தேடத் தொடங்கினார்கள், விலை எழும்பியது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1980இல் பெரிய பத்திரத்தை விற்றோம். வேலணையில் பத்துப் பரப்புக் காணி வாங்கி வீடு கட்டினோம். விற்றால் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அனுப்பினோம்.

பத்துப் பங்குப் பத்திரம் மட்டும் கண்ணாடி போட்டு முன்னறையில் தொங்குகிறது. இது என்ன பட்டம் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். தவமணியின் பெயரும் என் பெயரும் முதன்முதலாக அருகருகே எழுதப்பட்ட தாள் அதுதான்; பதிவுகாரர் புத்தகத்தில் ஏறிய எங்கள் கலியாண எழுத்து அதற்கு ஏழு மாதம் பிந்தியது.