முன்னுரிமை பத்தொன்பது

உழைப்பை அளந்த நாடுகள் உலகில் உண்டு. உழைப்பைத் தின்று தீர்த்த நாடுகள் அதைவிட அதிகம். ஆனால் உழைப்பை நாற்பத்து மூன்று அங்குல டிவியில் ஓடவிட்டு, வருவோர் போவோர் கண்ணில் படும்படி வரவேற்பறைச் சுவரில் மாட்டிய பெருமை, புதுக்கோட்டைக்கு மேற்கே அன்னவாசல் சாலையில் இருக்கும் 'பொன்கதிர் உழவர் சேவை மைய'த்துக்கு மட்டுமே உரியது. இந்தப் பெருமையை இதுவரை யாரும் மறுத்ததில்லை. கேட்டு வாங்க வந்தவரும் இல்லை.

மையத்தின் வேலை சின்ன வேலைதான். விவசாயி நெல் கொண்டுவந்தால் டோக்கன் போடுவது, எடை பார்ப்பது, மூட்டையைக் கொட்டகைக்குள் அடுக்குவது. டோக்கன் போடுவது மனுஷன் இல்லை; பின்னறையில் ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கும் யூனிக்ஸ் சர்வர். அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருத்தி, ஒப்பந்த ஊழியர் இசைவாணி. அவள் அப்பா குவாரியில் சம்மட்டி அடித்தவர், அம்மா ஜல்லி சுமந்தவள். அதனால் யார் உழைக்கிறான், யார் உழைக்கிறவன் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குகிறான் என்பது அவளுக்கு நூறடி தூரத்திலேயே தெரியும். கம்ப்யூட்டர் படிப்பு அதற்கப்புறம் வந்ததுதான்.

பொதுமேலாளர் உடையப்பன் திருச்சியில் 'வெளிப்படைத்தன்மை' குறித்த ஒருநாள் பயிற்சி முடித்து, பயிற்சியில் கொடுத்த பையோடு திரும்பி வந்தார். வந்ததும் முதல் கேள்வி:

"இசைவாணி, சர்வருக்குள்ள இந்த நிமிஷம் என்ன வேலை நடக்குதுன்னு பாக்க முடியுமா?"

"முடியும் சார். ஒரே கமாண்டுதான். எந்த வேலை ஓடுது, யாரு பேர்ல ஓடுது, சர்வரோட மூளைய, அதான் சிபியுவ, எம்புட்டுத் தின்னுதுன்னு வரிசையாக் காட்டும். மூணு செகண்டுக்கு ஒருதரம் புதுசாகும்."

"தூக்கி வெளிய மாட்டு. ஊரு பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. முதல் நாள் வந்த விவசாயிகள் அதை பஸ் டைம் என்று நினைத்து, விராலிமலை பஸ் எத்தனை மணிக்கு என்று தேடினார்கள். தேடாதவர் இருவர். ஒருவர் செயல்பாட்டு மேலாளர் ரகுநாத். இன்னொருவர் திட்ட மேலாளர் சுகுணா.

இந்தப் பக்கத்து ஊர்களில் அழைப்புப் பத்திரிகையில் பெயர் போடும் வரிசை தப்பினால் கல்யாணமே நின்றுபோகும். கோயில் விழா பிளக்ஸில் யார் படம் யாருக்கு மேலே என்று முடிவு செய்ய மூன்று பஞ்சாயத்து கூடும். அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த ரகுநாத், டிவியைப் பார்த்த முதல் பார்வையிலேயே வெளுத்துப்போனார். முதல் வரிசையில் 'டோக்கன்' என்று இருந்தது. அவர் பெயர் பதினான்காவது வரிசையில், 0.3 என்ற எண்ணோடு கிடந்தது.

"என்னம்மா இது, எம் பேரு அடியில கெடக்கு?"

"சார், அது மரியாதை வரிசை இல்ல. யாரு அதிகமாத் தின்னுறாகளோ அவுக மேல வருவாக. அம்புட்டுத்தான்."

ரகுநாத் யோசித்தார். "அப்ப நான் திங்காமக் கெடக்கேன்னு ஊருக்கே காட்டுறியாக்கும்?"

அன்று மதியமே அவர் தன் பெயரில் ஓர் அறிக்கையை ஓடவிட்டார். 'இதுவரை எத்தனை டோக்கன் போட்டாச்சு?' என்று நொடிக்கு நொடி சர்வரைக் கேட்கும் அறிக்கை. ஒன்று போதவில்லை. பன்னிரண்டு ஜன்னல் திறந்து பன்னிரண்டிலும் அதையே ஓடவிட்டார். மாலை நான்கு மணிக்கு முதல் பன்னிரண்டு வரிசையிலும் ரகுநாத். டிவிக்கு முன்னால் நின்று செல்பி எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் சுகுணா மேடம் இருபது ஜன்னல் திறந்தார். அதே கேள்விதான். "கேள்வி ஒன்னா இருந்தா என்ன, என்னோட கோணம் வேற" என்றார்.

முப்பத்திரண்டு கண்காணிப்பு. வேலை செய்தது ஒன்று. பத்து விநாடியில் வந்துகொண்டிருந்த டோக்கன், இருபது நிமிஷத்துக்கு ஒன்றாக வரத் தொடங்கியது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மாசி மாதத்தில் வரக்கூடாத மேகம் மேற்கே கறுத்துக் கட்டியது. மைதானத்தில் நூற்றுச் சொச்சம் பேருடைய மூட்டைகள் வெட்டவெளியில். டோக்கன் இல்லாமல் ஒரு மூட்டையும் கொட்டகைக்குள் போகக் கூடாது. அது மையத்தின் விதி. நனைந்த நெல்லை எடுக்கக் கூடாது. அதுவும் மையத்தின் விதி.

கவுண்டர் ஓரமாக வந்து நின்றார் வெள்ளைச்சாமி. நாற்பது மூட்டை அவருடையது. ஒரு வருஷப் பாடு.

"தாயி, ஏழு மணிக்கு பேரு குடுத்தேன். இப்ப பத்தரை. மேலே பாத்தியா? மத்தியானத்துக்குள்ள எறங்கிரும்."

"பாத்தேங்கய்யா."

"அந்த டிவியில என்னமோ விறுவிறுன்னு ஓடுதே, அது யாரு வேலை பாக்குறது?"

"அது வேலை இல்லைங்கய்யா. மேற்பார்வை."

"அப்புடியா? எங்க வயல்ல அதுக்குக் கொக்கு வரும்" என்றார் வெள்ளைச்சாமி.

இசைவாணி நேரே பொதுமேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், ரகுநாத் சார் பேர்ல பன்னெண்டு, சுகுணா மேடம் பேர்ல இருபது ஓடுது. முப்பத்திரெண்டும் கேக்குறது ஒரே கேள்வி. பதில் சொல்லவே சர்வருக்கு நேரம் பத்தல, டோக்கன் எப்பப் போடும்? எல்லாத்தையும் கில் பண்ணிரவா?"

உடையப்பன் நெஞ்சில் கை வைத்தார். "மேனேஜர் பேர்ல ஓடுறதைக் கொல்லுறதா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"சாதாரணக் கில் மரியாதையானது சார். 'கையில உள்ளதை முடிச்சிட்டுக் கெளம்புங்க'ன்னு சொல்லும். அப்பவும் போகலைன்னாத்தான் மைனஸ் ஒன்பது போட்டுக் கழுத்தப் புடிக்கிறது."

"கூடாதும்மா. முதல்ல விளக்கம் கேக்கணும். ஏழு நாள் அவகாசம் குடுக்கணும். அது கெடக்கட்டும், எம் பேரு எங்க?"

அவர் பெயர் முப்பத்து மூன்றாவது வரிசையில் இருந்தது. அவரும் நேற்று ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தார்.

"சார், மழை..."

"மழை வரும், போகும். பொதுமேலாளர் மூணாவது ஆளாத் தெரியலாமா? எனக்கு முன்னுரிமை குடு. அதுக்கு வழி இருக்குமே?"

"இருக்கு சார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. கழித்தல் இருபதுல இருந்து பத்தொன்பது வரைக்கும். கழித்தல் இருபதுதான் எல்லாத்துக்கும் முந்தி."

"கழித்தலா?" உடையப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல நான் மைனஸ் வாங்குனதில்ல. நூறு போடு."

"சார், எண் கூடக் கூட, அடுத்தவனுக்கு வழியவிட்டு ஓரமா நிக்கிறதுன்னு அர்த்தம்..."

"நூறு!"

இசைவாணி நூறு போட்டாள். யூனிக்ஸ் பழைய காலத்து ஆள்; பெரிய மனுஷரிடம் வாக்குவாதம் வைத்துக்கொள்ளாது. நூறைப் பேசாமல் பத்தொன்பதாகக் குறைத்து வைத்துக்கொண்டது.

"பத்தொன்பதுன்னு காட்டுது?"

"அதுக்கு மேல யாருக்கும் கெடையாது சார். அதுதான் உச்சம்."

இது நூற்றுக்கு நூறு உண்மை. சொல்லி முடித்தபோதுதான் இசைவாணிக்கு மூளையில் மணி அடித்தது. வாசல் பக்கம் திரும்பினாள். கூப்பிடாமலே ரகுநாத்தும் சுகுணாவும் அங்கே நின்றார்கள். முன்னுரிமை என்ற சொல் அந்த அலுவலகத்தில் மிக்சர் வாசனை மாதிரி. சுவரைத் தாண்டிப் போகும்.

"எனக்கு?" என்றார் ரகுநாத்.

"பதினெட்டு சார். பன்னெண்டுக்கும்."

"எனக்கு மட்டும் பதினேழா?" என்றார் சுகுணா, அவள் தட்டுவதை எட்டிப் பார்த்து.

"சீனியாரிட்டி மேடம்."

சீனியாரிட்டி என்றதும் எதிர்ப்பேச்சு அடங்கியது. இசைவாணி இன்னும் இரண்டு காரியம் செய்தாள். டிவியில் பெயர்கள், தின்னும் அளவுப்படி வராமல் இந்த எண்ணின்படி வரும்படி மாற்றினாள். உச்சியில் உடையப்பன், அடுத்து ரகுநாத், அடுத்து சுகுணா. பத்திரிகை அடித்தமாதிரி சுத்தமான வரிசை. பிறகு யாரும் பார்க்காதபோது டோக்கனுக்குக் கழித்தல் இருபது கொடுத்தாள். அது டிவியின் அடிவிளிம்பையும் தாண்டி, கண்ணுக்கே தெரியாத இடத்துக்கு இறங்கிப்போனது. போன இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது.

கவுண்டரில் பிரிண்டர் கரகரவென்று துப்பத் தொடங்கியது. பத்து விநாடிக்கு ஒரு சீட்டு. வெள்ளைச்சாமி சீட்டை வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டு, சுமைக்காரர்களுக்கு முன்னால் தானே ஒரு மூட்டையை முதுகில் ஏற்றினார். உள்ளே மேலாளர்கள் மூவரும் டிவிக்கு முன் கைகட்டி நின்று தங்கள் முன்னுரிமையை மேற்பார்வை செய்தார்கள். ஒரு மணிக்குக் கடைசி மூட்டை கொட்டகைக்குள் விழுந்தது. ஒன்றேகாலுக்கு மழை.

இப்படிப்பட்ட சாதனையைப் பாராட்டாமல் விடுவது நன்றிகெட்டதனம். அடுத்த வாரம் உழவர் பொதுக்கூட்டத்தில் மூவருக்கும் சால்வை என்று முடிவானது. முடிவு செய்ததும் அந்த மூவர்தான். அறிக்கை எழுதும் பொறுப்பு இசைவாணிக்கு வந்தது. அவள் எழுதினாள்; ஒரு பொய் இல்லை. உடையப்பன் அதை முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. தன்னைப் பற்றிய புகழை மேடையில்தான் முதன்முதலாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மைக்கைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்:

"மேற்படி நாளன்று, பொதுமேலாளர் அவர்களும் மேலாளர்கள் இருவரும் காலை ஏழு மணி முதல் நேரடியாகக் கண்காணித்த மூன்றரை மணி நேரத்தில் வழங்கப்பட்ட டோக்கன்கள் பத்து. அதன்பின் மூவரும் தத்தம் முன்னுரிமை எண்ணை மனமுவந்து ஏற்று, டோக்கன் பணிக்கு முழுமையாக வழிவிட்டு ஒதுங்கி நின்ற இருபது நிமிடத்தில் வழங்கப்பட்டவை நூற்றுப் பதினான்கு."

எண் பெரிதாக இருந்ததால் மேடையில் பலமாகக் கைதட்டினார்கள். சால்வைகள் விரிந்தன. கீழே ஐந்தாவது வரிசையில் வெள்ளைச்சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க பெரியவரே" என்றார் உடையப்பன், சால்வையைச் சரிசெய்தபடி.

"இருபது நிமிஷம் ஒதுங்கி நின்னதுக்கே சால்வை போட்டுட்டோம். வருஷம் பூராவும் ஒதுங்கி நிக்கிறதா இருந்தா, எங்க ஊர்ல செலையே வைக்கிறோம். எப்ப ஆரம்பிக்கிறீங்க?"