யாரை ஜெயிச்சே, டெல்மர்?

"ஜெயிச்சே, சரி. யாரை ஜெயிச்சே?"

பொரித்த கோழி பாதி வாயில் இருக்கும்போது டெல்மர் புரூயிட்டிடம் இப்படிக் கேட்டுவிட்டார் மிஸஸ் ஆர்லீன் விங்கோ. தேவாலயத்து ஞாயிறு விருந்தில் மொத்த மெர்சிவில் ஊரும் மெல்லுவதை நிறுத்தியது.

டெல்மர், மெர்சிவில் கல்லூரியின் கால்பந்து கோச். அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையால் எறிந்தும் இடுக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது. மிஸஸ் விங்கோ டிராக்டர் விற்பவர். கல்லூரி நிர்வாகக் குழுவுக்குத் தலைவி. டெல்மருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பது அந்த அம்மாள் வாயில் இருந்தது.

"இந்த சீசன்ல இன்னும் ஒண்ணுகூடத் தோக்கலையே, மேடம்."

"டாட்லாக் காலேஜை அம்பத்திரண்டுக்கு பூஜ்யம்னு அடிச்சே. அவங்க இதுவரைக்கும் யாரையாவது ஜெயிச்சிருக்காங்களா? தூங்கறவனைக் குத்திட்டு வந்து குத்துச்சண்டை வீரன்னு சொல்லிக்கறியா? நீ அடிச்ச ஆளுங்க மத்தவங்களை அடிக்கணும். அப்பதான் உன் ஜெயத்துக்கு எடை. சீசன் முடியட்டும், எடை போட்டுப் பாக்கறேன்."

வீட்டுக்கு வந்தும் டெல்மருக்குக் கோழி இறங்கவில்லை. மனைவி வெர்னா சொன்னாள்: "டாட்லாக் ஜெயிக்கணும்னு வேணா ஜெபம் பண்ணேன்."

பண்ணினார். அந்தச் சனிக்கிழமை டாட்லாக் முப்பத்தெட்டுப் புள்ளியில் தோற்றது.

கர்த்தரை நம்பி உட்கார்ந்திருந்தால் வேலை போய்விடும் என்று டெல்மர் போனை எடுத்தார். வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்தி, டாட்லாக் கோச் ரஃபஸ் கீலைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் உங்க டீமோட பழைய ரசிகன். வயசானவன். ஒரு யோசனை சொல்லவா? பந்தைத் தூக்கி எறியறதை விடுங்க. இடுக்கிக்கிட்டு ஓடுங்க."

"நீங்க யாரு?"

"நலம்விரும்பி," என்று சொல்லிப் போனை வைத்தார்.

அந்த வாரம் டாட்லாக் ஜெயித்தது! டெல்மர் சமையலறையில் வெர்னாவைத் தூக்கிச் சுற்றியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த வாரமும் கைக்குட்டை, யோசனை, ஜெயம். அதற்கடுத்த வாரமும்.

வினை அங்கேதான் பிடித்தது. தன் ஆட்டம் நடக்கும்போதே காதில் ரேடியோவை மாட்டி டாட்லாக் ஸ்கோரைக் கேட்க ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை, அங்கே டாட்லாக் புள்ளி எடுத்ததற்கு இங்கே மைதான ஓரத்தில் குதித்துக் கைதட்டினார். அதே நொடியில் மெர்சிவில் பந்தைப் பறிகொடுத்திருந்தது. ஆட்டமும் போயிற்று.

"யார்கிட்ட தோத்தே?" என்றார் மிஸஸ் விங்கோ. "ஆறு வாரமா ஜெயிக்காதவங்ககிட்ட! இருந்த எடையும் இறங்கிடுச்சு."

இறங்கியதை ஏற்றியாக வேண்டும். வியாழக்கிழமை டாட்லாக்கின் ஆட்டத்துக்கே போனார். முகம் முழுக்க அவர்களுடைய ஊதா நிறத்தைப் பூசிக்கொண்டார். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் தொப்பி குடை அகலம். மைதானம் துளிகூடத் தெரியவில்லை. ஸ்கோர் பலகை மட்டும் தெரிந்தது. அது ஏறும்போதெல்லாம் ஆடினார்.

டிவி கேமரா அவரை விட்டு நகரவே இல்லை. ஊதாப் பூச்சை மீறி அந்த மீசை மெர்சிவில் முழுக்கத் தெரிந்த மீசை.

மறுநாள் முடிதிருத்தும் கர்டிஸ் பாதித் தலை வெட்டியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னாச்சு கர்டிஸ்?"

"மிச்சத்தை டாட்லாக்ல போய் வெட்டிக்கோங்க, கோச்."

பாதித் தலையுடன் வீட்டுக்கு வந்தவரை வெர்னா அடுத்த செய்தியோடு வரவேற்றாள். ஜெயித்து ஜெயித்து டாட்லாக், சீசன் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. எதிரி மெர்சிவில்.

டெல்மர் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"வெர்னா, நான் சொல்றதைத்தானே அவன் கேக்கறான்? இந்தத் தடவை தப்பா சொல்லிடறேன்!"

மெர்சிவில் அணியின் வலப்பக்கம் கோட்டைச் சுவர். இடப்பக்கம்தான் ஓட்டை. டெல்மர் கைக்குட்டைக்குள் குசுகுசுத்தார்: "தம்பி, மெர்சிவில்லோட வலப்பக்கம் வெத்துவேட்டு. அந்தப் பக்கமே போங்க. இடப்பக்கம் தப்பித்தவறிக்கூடப் போயிடாதீங்க."

இறுதி ஆட்டத்தில் டாட்லாக் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை மெர்சிவில்லின் இடப்பக்கமாகவே போனது. நாற்பத்தைந்துக்கு மூன்று என்று கோப்பையையும் தூக்கியது.

'எல்லா வாரமும் கேட்டவன் இந்த வாரம் ஏன் கேக்கலை?' என்று முணுமுணுத்தபடி டெல்மர் மைதானத்துக்கு வெளியே நின்றார். மிஸஸ் விங்கோ வந்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: ஜெபம், கைக்குட்டை, ஊதாப் பூச்சு.

மிஸஸ் விங்கோ விரலால் அவர் நெஞ்சைச் சுட்டினார்.

"அப்போ, அந்த உதவாக்கரை டீமை நீ போன்லயே சாம்பியன் ஆக்கினியா?"

"ஆமா, மேடம்."

"போன்லயே இப்படின்னா, நேர்ல நீ எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்! செப்டம்பர்ல நீ அம்பத்திரண்டுக்கு பூஜ்யம்னு அடிச்சது இன்னிக்கு சாம்பியனா நிக்கறவங்களை! இதுக்கு மேல என்ன எடை வேணும்? இன்னும் அஞ்சு வருஷம் நீதான் கோச்!"

டெல்மருக்குக் கண் கலங்கியது. பாதித் தலையை நிமிர்த்தி நின்றார். என்ன இருந்தாலும், தன்னைத் தோற்கடிக்கத் தன் மூளையேதான் வேண்டியிருந்தது.

பக்கத்தில் டாட்லாக் பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மிஸஸ் விங்கோ பெருமை தாங்காமல் ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, தோத்துக்கிட்டே இருந்தீங்களே, உங்க கோச் எப்படி இப்படி ஜெயிச்சார்? எங்க டெல்மர் காதுபட ஒரு தடவை சொல்லு!"

ஓட்டுநர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிச் சிரித்தார்.

"அதுவாம்மா? வாராவாரம் எவனோ ஒரு கிறுக்கன் போன் பண்ணி யோசனை சொல்வான். நாங்க அதுக்கு நேர்மாறா ஆடினோம், அவ்வளவுதான்."