அம்புக்குறியாரிடம் வழி கேட்காதீர்கள்

கடலூர் ஜில்லாவில் வழி கேட்டால் கோபித்துக்கொள்கிற மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற யாரிடமும் வழி கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்து, வாசலில் விட்டு, "உங்க ஊட்டுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். இவரோ, "கண்ணு இருக்குதில்ல? பாத்துப் போ!" என்பார். முதுநகர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்ட ஒரு பெரியவரை இப்படித்தான் விரட்டினார். அந்த மனுஷர் பயந்துபோய்த் துறைமுகம் வரைக்கும் நடந்துவிட்டார்.

நாங்கள் அவரை அம்புக்குறியார் என்போம். 2004இல் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தார். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராகப் போய், முப்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டுத் தனி ஆளாகத் திரும்பியவர். கொண்டுவந்தது ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு பைத்தியம்.

பைத்தியம் என்னவென்றால் நடப்பது.

"அங்க ஞாயித்துக்கெழமைன்னா நடப்பேன் தங்கச்சி. டவுன வுட்டு வெளிய வந்தா திராட்சத் தோட்டம். நடுவுல பாதை. கல்லுல, கம்பத்துல மஞ்சக் கோடு போட்டு வச்சிருப்பாங்க. அதப் பாத்துக்கிட்டே போனா ஒரு ஊரு வரும். ஒரு மடக்கு ஒயின். மறுபடி கோடு. அடுத்த ஊரு, இன்னொரு மடக்கு. மொத வருஷம் அவுங்க பாஷ ஒரு வார்த்த தெரியாது எனக்கு. ஒருத்தரையும் கேக்காம நாலு ஊரு சுத்திட்டு வந்து சேந்தேன். அன்னிக்கித்தான் அந்த நாட்டுல எனக்கு பயம் போச்சு. இங்கயும் அப்பிடி ஒண்ணு போடப் போறேன்."

"நம்ம பக்கம் திராட்ச ஏதுண்ணே?"

"முந்திரி இருக்குதில்ல?"

பண்ருட்டி ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து, முந்திரிக் காடு வழியாக நாலு ஊர் கடந்து, கடைசி ஊர்க் கிணற்றடியில் முடிகிற மாதிரி அவர் வழி போட்டார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குடிசையும் வாடகைக்கு எடுத்தார். ஓர் ஆள், ஒரே ஓர் ஆளாவது, முதல் அம்பிலிருந்து கடைசி அம்பு வரைக்கும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்து வந்து காட்ட வேண்டும். அதுவரைக்கும் பூட்ஸைக் கழற்றுவதில்லை என்று சபதம் போட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட பூட்ஸோடுதான் உட்கார்ந்தார். குளிக்கும்போது கழற்றினாரா என்று எனக்குத் தெரியாது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வழி கேட்பதென்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இறங்க வேண்டிய இடம் எது என்று கேட்கக் கூச்சப்பட்டு, பஸ் கடைசியாக நிற்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பியவள் நான். வாயே திறக்காமல் நாலு ஊர் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால், எனக்கு அது சொர்க்கத்துக்குப் போட்ட ரோடு.

முதலில் சிவப்புப் பெயின்டில் மரத்துக்கு மரம் அம்பு போட்டார். மூன்றாம் நாள் காட்டுக்காரர்கள் முப்பது பேர் அரிவாளோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எந்த ஆபீஸ்யா நீ? ரோடு போடவா மரத்துக்குக் குறி போட்ட?"

"நடக்கறதுக்குப் போட்டேங்க."

"நடக்கறதுக்கு எதுக்குய்யா பெயின்டு? காலு போதாதா?"

எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மறுநாளே அத்தனை சிவப்பையும் சுரண்டிவிட்டு, மஞ்சள் பெயின்ட் வாங்கிக்கொண்டு போனார். மனுஷர் சளைக்கிற ஜாதி இல்லை.

மஞ்சளால் வேறு வினை வந்தது. மூன்றாவது ஊர் முனையில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இடுப்பளவு கல் ஒன்று இருந்தது. அதில் பெரிய அம்பாகப் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழ மாலை. ஆடி மாசம் வந்தபோது கல்லுக்குப் பாவாடை கட்டி, மஞ்சக்கல்லம்மன் என்று பெயரும் வைத்து, கூழ் ஊற்றினார்கள். அம்பு பாவாடைக்குள் போய்விட்டது.

"அது அம்புங்க! நான் போட்ட அம்புங்க!" என்று இவர் கத்தினார்.

"ஆமாங்க, எங்க அம்மனுக்கு அம்புதான் ஆயுதம்" என்றாள் கூழ் ஊற்றிய பெண். "கையில சொம்பு இருக்குதா? கூழ் வாங்கிக்கங்க."

பாவாடையை விலக்கப் போனவர் அடி வாங்காமல் தப்பித்ததற்கு அந்த பூட்ஸ்தான் காரணம். அவ்வளவு வேகமாக ஓடினார்.

பிறகு பக்கத்து மரத்தில் இன்னோர் அம்பு போட்டுவிட்டு, அடுத்த முந்திரிப்பழக் காலத்தில் முதல் முதலாக ஆள் பிடித்தார். சிதம்பரத்திலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மச்சானும். ஒயினுக்குப் பதிலாக ஊருக்கு ஒரு பானை முந்திரிப்பழச் சாறு வைத்து, "ஒரு மடக்கு மட்டும்" என்று எழுதியும் வைத்தார். முதல் ஊரிலேயே ஒருத்தர் வழி மறித்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"சும்மா நடக்கறோம்."

"சும்மாவா? வெயில்ல சும்மா எதுக்குங்க நடக்கறீங்க? வண்டி இருக்குது, ஏறுங்க!"

மாட்டேன் என்று சொல்ல வாத்தியாருக்கு முகமில்லை. மூன்று பேருமாக டிவிஎஸ் வண்டியில் ஏறினார்கள். கிணற்றடியில் மாலை வரைக்கும் காத்திருப்பதற்காகச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்த அம்புக்குறியார் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் வாத்தியார் வந்து இறங்கிவிட்டார். மச்சான் மட்டும் இரண்டாவது ஊர்ப் பானைக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டார். முந்தின நாள் பிழிந்த சாறு வெயிலில் நன்றாகப் புளித்திருந்தது. ஒரு மடக்கு என்று எழுதியதை அவர் படிக்கவில்லை. சாயங்காலம் தேடிப் போனபோது, முந்திரி மரங்களை வரிசையாக நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாராம்.

அம்புக்குறியார் அசரவில்லை. ஊருக்கு ஊர் பலகை நட்டார்: 'இந்த வழியில் நடப்பவர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள்.' அதற்குப் பிறகு நடந்து போகிறவர்களை எல்லாரும் இரண்டு கேள்வி கேட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்பது ஒன்று. ஏன் கேட்கக் கூடாது என்பது இன்னொன்று.

இப்படியே நாலைந்து வருஷம் போயிற்று. எத்தனையோ பேரை அனுப்பிப் பார்த்தார். வழியில் யார் வீட்டிலாவது சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது வண்டியில் வந்து இறங்குவார்கள். கடைசியில் ஒரு நாள் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீதான். ஒன்னாலதான் முடியும். ஒனக்குப் பேச்சே வராதே!"

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

பங்குனி மாசம் ஒரு காலையில் புறப்பட்டேன். முதல் ஊரில் எங்கே போறே என்றார்கள். தலையை ஆட்டினேன். இரண்டாவது ஊரில் கையால் முன்னே காட்டினேன். முந்திரிக் கிளைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து, மஞ்சள் அம்பை எண்ணிக்கொண்டே தனியாக நடந்தேன். காலடியில் பழம் உதிர்ந்து கிடந்த வாசனை. யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம் என்பதே ஒரு தைரியமாக இருந்தது.

மூன்றாவது ஊர் முனையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்த ஊரும்மா? யாரு ஊட்டுக்கு?"

தலையை ஆட்டினேன்.

"அய்யோ பாவம்டி, வாய் பேசாதவங்க!"

அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மஞ்சக்கல்லம்மன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். வயசான ஒருத்தி, "தாயே, இவளுக்கு வாயக் குடு, ஒரு ஆடு வெட்டறேன்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். கஷ்டப்பட்டு வளர்த்த ஆடாக இருக்குமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்குப் பேச்சு வரும்மா" என்றேன்.

கூட்டம் போட்ட குலவைச் சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்டதாம். அவர் ஓடி வந்து பார்த்தபோது நான் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தேன். ஆடும் தப்பவில்லை.

"இன்னும் மூணே அம்பு பாக்கி! வாய மூடிக்கிட்டு வர முடியல ஒன்னால?" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினார். முதுநகர் வரைக்கும் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தார். அந்த அம்மன் அதற்குப் பிறகு ஊமைக்குப் பேச்சு கொடுக்கிற அம்மன் ஆகி, தகரக் கொட்டகையும் வந்துவிட்டது. அடுத்த வருஷம் மறுபடி போகிறேன் என்று நான் சொன்னதற்கு, "நீ இப்ப ரொம்பப் பேசற" என்று மறுத்துவிட்டார்.

2011 டிசம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தது. மழையில் அழிந்த அம்புகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று அதற்கு முந்தின நாள்தான் அவர் குடிசைக்குப் போயிருந்தார். எங்கள் தெருவில் கூரை போய், கம்பம் சாய்ந்து, கரண்ட் இல்லை, போன் இல்லை. நாலு நாள் ஆகியும் பின்கட்டுக் கதவு பூட்டியே கிடந்தது.

ஐந்தாம் நாள் நான் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் காடு இல்லை. நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை. பாதை எது, தோப்பு எது என்று தெரியாமல் வேரும் கிளையுமாக மலைபோலக் கிடந்தது. ஒரே ஓர் அம்பு கண்ணில் பட்டது. சாய்ந்த மரத்தில் அது வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

தன் மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போய் நின்றேன். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

"ஐயா, பூட்ஸ் போட்டுக்கிட்டு அம்பு போடுவாரே, அவரு எங்க இருக்காரு?"

அவர் எழுந்து கை காட்டினார். அடுத்த கிளை மறித்ததும் அடுத்த ஆளைக் கேட்டேன். பிறகு இன்னொருவரை. மரம் போன துக்கத்திலும் ஒருத்தர்கூட வழி சொல்லாமல் விடவில்லை. மூன்றாவது ஊரில் கொட்டை உடைக்கிற பெண் ஒருத்தி, "அம்மன் பேச வச்ச அம்மாவா?" என்று கையைப் பிடித்துக் கடைசி வரைக்கும் கூடவே வந்தாள்.

கிணற்றடியில் குடிசை இல்லை. விழுந்த மரத்தின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துணிக்கட்டு. காலில் பூட்ஸ். பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் டப்பா. இந்தத் தடவை தரையில் கிடந்த கல்லாகப் பார்த்துப் பார்த்து அம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"வழி கேட்டுக்கிட்டா வந்த?"

"ஆமாண்ணே."

"எத்தினி பேர?"

"ஏழு பேர."

"ஏழு பேரா! வெக்கமா இல்ல ஒனக்கு? ஏழு வருஷமா நான் கத்தினதெல்லாம் எங்க போச்சு?" என்று ஆரம்பித்தவர், கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து எனக்குக் கொடுக்கும்போதும் நிறுத்தவில்லை.

தண்ணீரைக் குடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டைக் கேட்கத்தானே ஏழு பேரைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.