லாரியே போகும்

மனிதர்களை வண்டி ஓட்டுகிறவர்கள், ஓட்டாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? இருக்காதீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. இவர்களுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பழக்கம் கிடையாது. எது கிளட்ச், எது பிரேக் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் தெருவில் எவராவது வண்டியைப் பின்னால் எடுத்தால் போதும், அதன் பின்னால் போய் நின்றுவிடுவார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வரட்டும்காரர்கள்'.

வண்டி இல்லாத நேரத்தில் வரட்டும்காரரை அடையாளம் காண்பது கஷ்டம். உங்களையும் என்னையும் போலப் பேப்பர் படிப்பார், நகம் வெட்டுவார், பிள்ளைகளை அதட்டுவார். ஆனால் வெளியே ஓர் எஞ்சின் உறுமி, கியர் மாறி, சக்கரம் பின்பக்கமாக உருளத் தொடங்குகிற அந்தச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையும், தோளில் துண்டும், ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் வீட்டம்மாவின் செருப்புமாக, மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டி வாசலில் ஆஜராவார். யாராவது கூப்பிட்டார்களா? ஒருவரும் கூப்பிடவில்லை.

அவர் நிற்கிற இடமே தனி. ஓட்டுகிறவர் எந்தக் கண்ணாடியில் எப்படிக் கழுத்தை ஒடித்துப் பார்த்தாலும் அந்த இடம் தெரியாது. அங்கே நின்றுகொண்டு நான்கு விரல்களையும் சேர்த்து மடக்கி மடக்கிக் கூப்பிடுவார்.

"வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... என் லெஃப்ட் இல்ல சார், உங்க லெஃப்ட்... அட, வாங்க சார், எவ்வளவு இடம் கிடக்கு, லாரியே போகும்!"

வருவது என்னவோ தீப்பெட்டி அளவுக் கார். இருந்தாலும் லாரிதான் அவருடைய அளவுகோல். கடைசியில் "போதும், போதும், போதும்!" என்று மூன்று முறை. முதல் 'போதும்'இலேயே வண்டி நின்றிருக்கும். அதற்காக மற்ற இரண்டை அவர் விட்டுக்கொடுக்க முடியுமா? பிறகு டிக்கியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. ஓட்டுகிறவர் நன்றியாக ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால், அன்றைய பொழுது நல்ல பொழுது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் காரையே தான்தான் செய்து நிறுத்தியதுபோல வீட்டுக்குள் போவார்.

ஒரே மூச்சில் கச்சிதமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறவர்களை இவருக்கு அறவே பிடிக்காது. ஈவு இரக்கம் இல்லாதவர்கள். அதைவிடப் பிடிக்காதது, வண்டியின் பின்புறம் பொருத்தியிருக்கும் கேமரா. "அதுக்கு பீப் பீப்னு கத்தத்தான் தெரியும். வான்னு கூப்பிடத் தெரியுமா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அப்படிக் கேட்டவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு சொல்கிற அந்த மனிதர்தான், மூன்று மாதத்துக்கு முன்னால், மனைவியின் தம்பி புதுக் காரைக் காட்ட வந்த அன்று, அரை அடி இடத்தை ஐந்தடி என்று சொல்லிவிட்டார்.

"வா மச்சான், வா... யோசிக்காத, லாரியே போகும்!"

கார்கூடப் போகவில்லை. பின்விளக்கு சில்லுச் சில்லாக உதிர்ந்தது. அதற்குப் பின்னால், சுவரோரமாக இருந்த பதினொரு பூந்தொட்டிகளில் மூத்த ரோஜாத் தொட்டி இரண்டாகப் பிளந்தது. மச்சான் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். நம்மவர் மட்டும் அதே இடத்தில் நின்று மூன்றாவது 'போதும்'ஐச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் ஜியோமெட்ரி சொல்லிக்கொடுக்கும் டீச்சர். கத்துகிற பழக்கம் இல்லாதவர். மண்ணைக் கையால் அள்ளிக்கொண்டே சொன்னார்:

"ரோஜா போச்சு. என் தம்பி இனிமே இந்த வாசலுக்கு வரவே யோசிப்பான். இன்னொரு தடவை ஏதாவது வண்டிக்குக் கையாட்டுங்க, அதோட உங்ககூடப் பேசறத விட்டுடறேன்."

"சத்தியமா ஆட்டமாட்டேன்" என்றார் இவர்.

ஆட்டவில்லை. அதுதான் பரிதாபம். தெருவில் ரிவர்ஸ் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் முன்பெல்லாம் சிரிப்பார். இப்போது தலையை மட்டும் அசைத்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஒரு மனிதனிடமிருந்து எதைப் பிடுங்கினாலும் அவன் எப்படியோ சமாளித்துக்கொள்வான். காசு செலவில்லாத ஒரு குஷியைப் பிடுங்கினால் அவன் என்ன செய்வான்? எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குச் சோதனை வந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களின் சாமான் லாரி. சாதாரண லாரி இல்லை; கட்டில், பீரோ, கவிழ்த்துப் போட்ட சோபா எல்லாம் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டிய நீள லாரி. எங்கள் தெருவோ முட்டுச் சந்து. உள்ளே வர வேண்டுமென்றால் பின்னாலேயேதான் வந்தாக வேண்டும். லாரியோடு வந்த ஆட்கள் வீட்டுச் சாவி வாங்கப் போயிருந்தார்கள். டிரைவர் தனி ஆள். நான் மாடி ஜன்னலில் இருந்தேன். கீழே டீச்சரம்மா குவளையோடு தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இவர் கதவருகே வந்து நின்றார்.

"சும்மா வேடிக்கை பார்க்கட்டுமா?"

"ரெண்டு கையையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டார். லாரி வந்தது. பாக்கெட்டுக்குள் விரல்கள் மடங்குவதை மாடியிலிருந்தே பார்த்தேன். தோள் இடதுபக்கம் சாய்ந்தது, வலதுபக்கம் சாய்ந்தது. உதடு 'வ' என்று குவிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூடியது. லாரி கோணலாகத் திரும்பித் தொட்டிகளைப் பார்த்து வந்தது. ஆறடி. நாலடி. உடைந்துபோனதற்குப் பதிலாக வாங்கிய புது ரோஜாதான் முதல் தொட்டி. இவர் மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு கிடைத்தால் போதும் அவருக்கு.

டீச்சரம்மா அவரைப் பார்க்கவே இல்லை. குவளையை நிதானமாகக் கீழே வைத்தார். சுவரோரமாக நடந்துபோய், டிரைவரின் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நின்றார். கை தானாக எழுந்தது.

"அண்ணே, நில்லுங்க! முன்னாடி ஒரு முழம் எடுங்க... ம்ம். இப்ப உங்க ரைட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. நேராக்குங்க... வரட்டும்... வரட்டும்... வரட்டும்... போதும்!"

ஒரே ஒரு போதும். லாரி நின்றது. ரோஜாவுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது. டீச்சரம்மா லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். டிரைவர் விரலைத் தூக்கிக் காட்டினார். இந்த அம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்திய மனைவியை, பெண் பார்க்க வந்தவர்போல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார் கணவர்.

"லாரியே போகும்னு நான் அப்பவே சொல்லல?"

"போகும். சொல்றவங்க சொன்னா போகும்" என்றார் டீச்சரம்மா. பிறகு குவளையை எடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கையை வெளிய எடுங்க. பாக்கெட் கிழிஞ்சுடப் போகுது" என்றார்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே வருகிறார்கள். அவர் இடதுபக்கம், இந்த அம்மாள் வலதுபக்கம். அவர் "வரட்டும்" சொல்வதோடு சரி. "போதும்" சொல்கிற அதிகாரம் அம்மாளுக்கு. நேற்று மச்சானின் கார்கூடக் கீறல் இல்லாமல் வந்து நின்றது.

எனக்கு இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது. அன்று ஜன்னலில் சும்மா வேடிக்கைதான் பார்த்தேன். நான் "ஒடி, ஒடி" என்று கத்தியதாக என் மகள் சொல்கிறாள். சின்னப் பெண், அவள் பேச்சை நம்ப வேண்டாம்.

நீங்கள் எப்படி? லாரி நாலடிக்கு வந்தபோது உங்கள் வலதுகை விரல்கள் லேசாக மடங்கினவா, இல்லையா? மறைக்க வேண்டாம். அதோ, உங்கள் தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம். உட்காருங்கள், உங்களை யாரும் கூப்பிடவில்லை. உட்காருங்கள் என்கிறேன்... சரி, போய்த்தான் ஆக வேண்டுமென்றால் போங்கள். கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். அப்படியே காலில் இருப்பது யாருடைய செருப்பு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.