செவ்வாய் தோஷக்காரர்

ஈரத் தாடையில் படிகாரத்தைத் தேய்க்கும்போது ஒரு வாசனை எழும். பாதி மழை, பாதி மருந்துக்கடை. அதன்மேல் ஒரு கைப்பிடி ரோஸ் பவுடரைத் தூவினால் அது எனக்குச் செவ்வாய்க்கிழமையின் வாசனை. போன வாரம் விழுப்புரத்தில் அவசரத்துக்கு ஒரு கடையில் ஷேவிங் செய்துகொள்ள உட்கார்ந்தேன். வாசனை வந்தது. அதன் பின்னாலேயே அவரும் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

வாரத்துக்கு ஏழு நாள் என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் செஞ்சியில் அவர்தான். அவர் கணக்கில் வாரம் என்பது ஒரே நாள், செவ்வாய். மற்ற ஆறும் அதைச் சுற்றி வளர்ந்த முடி, வெட்டித் தள்ள வேண்டியவை. ரேஷன் கார்டில் தேடினால் அவருக்கு ஒரு பெயர் கிடைக்கலாம். ஊருக்கு அவர் 'செவ்வா'. செவ்வா கடை என்றைக்குத் திறந்திருக்கும் என்று வெளியூர்க்காரன் கேட்டால், செவ்வா தவிர என்றைக்கும் என்று பதில் வரும். அவன் தலையைச் சொறிந்துகொண்டே போய், அந்தத் தலையை வேறு கடையில் கொடுப்பான்.

சலூன் கடைகளுக்குச் செவ்வாய் விடுமுறை. பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஊரின் மொத்தத் தலையும் அவர் கடை வாசலில் வரிசையில் நிற்கும். இப்படியாக, அப்பாவின் லீவும் பிள்ளைகளின் லீவும் ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி முகம் பார்த்துக்கொள்ளாமலே காலம் தள்ளின. அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் யாழினி, நான் வகுப்பாசிரியனாக இருந்த ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். சின்னவள் ஓவியா இரண்டாம் வகுப்பு. சம்பந்திகளைச் சேர்த்துவைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழி என் மேசை வழியாகப் போனது.

முதல் லீவ் லெட்டரில் காய்ச்சல். அன்று மத்தியானமே அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பனமலை ஏரிக்கரை. காய்ச்சல்காரி கையில் சுட்ட சோளம், வாயெல்லாம் பல். வகுப்பாசிரியன் நம்பரும் தன் போனில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். இரண்டாவது லெட்டரில் சின்னவளுக்குக் காதுகுத்து. மூன்றாவதிலும் காதுகுத்து. உங்கள் பெண்ணுக்கு எத்தனை காது என்று கேட்டேன். ஓட்டை தூந்து தூந்து போவுதுங்க சார் என்று வருத்தப்பட்டார். நாலாவது லெட்டரில் அவருடைய பெரியப்பா காலமானார். துக்கம் விசாரிக்க வேண்டுமே என்று அந்த வாரம் கடைக்குப் போனேன். பெரியப்பா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தார்.

லெட்டர் எழுத நேரமில்லாத வாரங்களில் நேரில் கேட்பார். எனக்குத் திங்கள் சாயங்காலம் ஷேவிங். கத்தி தொண்டைக்குழிக்கு வரும்வரை ஊர்க்கதை ஓடும். அங்கே வந்ததும் கை நிற்கும்.

"நாளைக்கு பாப்பாங்க வராதுங்க சார்."

தலையாட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது. எச்சிலை விழுங்கினால்கூட ரத்தம் வந்துவிடும். நான் சம்மதித்ததாக அவரே முடிவுசெய்து, நன்றி சொல்லி, கத்தியை நகர்த்துவார். உலகத்தில் வேறெந்த வாத்தியாரிடமும் இப்படி லீவ் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எங்கே போனார்கள் என்றால், பெரும்பாலும் பெட்ரோல் தீரும் தூரம்தான். ஒரே பைக்கில் நாலு பேர். சின்னவள் டேங்க்மேல், பெரியவள் நடுவில், பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு அவர் மனைவி. தளவானூர் குகைக்குப் போனால் வாசலில் நிற்கும் கல் காவலாளியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, ஒருத்தனும் இவருக்கு ஒரு கட்டிங் பண்ணி விடல பாரு என்பாராம். பனமலைக் கோயில் சுவர் ஓவியத்தில் சாய்ந்து நிற்கும் அம்மனைப் பார்த்து, தலை அலங்காரத்துக்கு மட்டும் அரைநாள் ஆகியிருக்கும், அதைச் செய்துவிட்ட ஆளுக்கு அன்றைக்கு வேறு கிராக்கி இல்லை என்பாராம். புதன்கிழமை காலைகளில் யாழினி எனக்கு நடத்திய வரலாற்றுப் பாடம் இதுதான். பல்லவர் காலத்தை நான் இப்போதும் கிருதாவை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் அப்போது நேர்மையாளன். அதைவிடப் பெரிய வியாதி கிடையாது. வருகைப் பதிவேட்டை விரித்தால், செவ்வாய்க்கிழமைகள் நெடுக யாரோ சீப்பு வைத்து வகிடு எடுத்த மாதிரி வெள்ளைக்கோடு. அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அம்மாவிடம் போனேன். அவர் செவ்வாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்னொரு பொய் லெட்டர் வந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் டி.சி. கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன் என்றார். அவர் சொன்னால் செய்வார். பக்கத்தில் அந்தளவுக்கு நல்ல பள்ளிக்கூடமும் வேறு இல்லை.

"அதென்ன ஒவ்வொரு தடவையும் செவ்வாய்க்கிழமை?" என்றார் அம்மா.

"செவ்வா தோஷம்மா" என்றார் இவர்.

தன் கடையின் தலையெழுத்தைத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொன்ன இடம் தப்பு. அம்மாவின் மேசை இழுப்பறையில் பாடத்திட்டத்துக்கு அடியில் எப்போதும் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். ஊரில் பாதிப் பேருடைய ஜாதகம் அவருக்கு மனப்பாடம். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது.

"பெரியவளுக்கா?"

மூழ்குகிறவன் கையில் கட்டை கிடைத்தது. தலையாட்டிவிட்டார். அடுத்த செவ்வாய் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துப்போகச் சொல்லி, லீவையும் கொடுத்து, மறக்காமல் தனக்கு விபூதி கொண்டுவரச் சொன்னார் அம்மா.

அடுத்த செவ்வாய் குடும்பத்தோடு பாண்டிச்சேரி கடற்கரைக்குப் போனார். புதன்கிழமை விபூதி வந்தது. அவர் கடையில் சாமி படத்துக்குக் கீழே இருந்த விபூதி. அம்மா கண்ணை மூடிப் பூசிக்கொண்டு, "என்ன வாசனை சார், ஸ்தலத்து மகிமை" என்றார். எனக்கு ரோஸ் பவுடர் வாசனைதான் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அம்மா உருகிப்போய், இந்த வாரக் கட்டுரைக்கு 'நான் சென்ற கோயில்' என்று தலைப்புக் கொடுக்கச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நோட்டெல்லாம் அவர் மேசைக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை யாழினியின் நோட்டைத் திருத்த எடுத்தேன். கடல் என்று எழுதக்கூடாது என்று வீட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பொய் எழுத அவளுக்கு வரவில்லை. நடுவில் ஒரு வழி பிடித்திருந்தாள்.

"நைனாகூட நான் சென்ற கோயில் மிகவும் நீலமாக இருந்தது. அதற்குச் சுவரே இல்லை. கரையில் நின்றால் சாமி அழை அழையாக வந்து காலைத் தொட்டது. பிடிக்கப் போனால் ஓடிவிட்டது. நைனா எப்போதும் நின்றுகொண்டே இருப்பார். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்."

எங்கள் பக்கத்தில் ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வாயில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும். பிரித்துவைப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. சிவப்புப் பேனாவோடு 'அழை'யைச் சுற்றி வட்டம் போடப் போனேன். கை நின்றது, அவருடைய கத்தி நிற்குமே அதுபோல. 'அலை' என்று திருத்தினால் கடல் வந்துவிடும். கடல் வந்தால் டி.சி. வந்துவிடும். திருத்தாமல் விட்டால் நான் தமிழ் வாத்தியார் இல்லை. கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். பேனாவை மூடினேன். தெரிந்தே ஒரு பிழையை நான் விட்டது அதுதான் முதல்முறை.

வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"சாமி அழை அழைன்னு அழைச்சிருக்குது சார் இந்தக் குழந்தையை" என்றார். கரை என்பதைக் குளக்கரை என்று எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, 'நீலமாக' என்பதில் விரலை வைத்தார். "நீளமாக. இது உங்க கண்ணுல படலையா? ல, ள பாருங்க சார்."

கடலின் நிறத்தைச் சொல்ல அவள் எழுத்து மாறாமல் சரியாக எழுதியிருந்த ல அது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தப்பித்தோம் என்று நினைத்தால், அம்மாவின் இரக்கம் பள்ளி கேட்டைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார்களிடம், பாவம், அந்த யாழினிக்குத் தோஷம் என்று சொல்லி வைத்தார். இரண்டு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமைதான், செவ்வாவின் மனைவி வந்தார். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவர். கழுத்தில் இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றாமல், கணவரின் சட்டையைப் பிடித்து அம்மாவின் அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"எம்பொண்ணுக்கு பத்து வயசு. அதுக்குள்ள பரிகாரம் முடிஞ்சிதான்னு கடைத்தெருவுல ஒருத்தி கேக்கறா" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "சொல்லு. தோஷம் யாருக்கு? இப்பவே சொல்லு."

உண்மையைச் சொன்னால் டி.சி. சொல்லாவிட்டால் பெண்ணின்மேல் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு பெரிதாகும். செவ்வா தரையைப் பார்த்தார். கையில் கத்தியில்லாமல் அவரால் பேச முடியாதோ என்று தோன்றியது.

"எனக்குத்தாம்மா" என்றார். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம ஊர்ல இருக்கற நைனாங்க எல்லாம் என் கடையிலதான் இருக்கறாங்க. எம்புள்ளைங்களுக்குத்தான் நைனா இல்ல. போன ஞாயித்துக்கெழம ஐயாகூட தலைக்கு மை அடிக்க ரெண்டு மணி நேரம்..."

ஐயா என்றது அம்மாவின் கணவரை. அவருடைய கருகரு முடி பரம்பரைச் சொத்து என்று ஊர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தது.

"அது இப்ப எதுக்கு" என்றார் அம்மா அவசரமாக. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார்.

"ல, ழ கவனிக்கலைங்கம்மா" என்றேன்.

அவர் யாழினியின் நோட்டை வரவழைத்தார். இந்தமுறை 'அழை'யை அலையாகப் படித்தார். 'நீல'த்தை நீலமாகவே விட்டார். கடைசி வரியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். டி.சி. புத்தகம் இருக்கும் மேசை இழுப்பறையைத் திறந்தார். செவ்வாவின் மனைவி இஞ்சு டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தது பஞ்சாங்கம்.

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுக்குப் பரிகாரம் உண்டு. நெசமாவே வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிட்டு வா."

"போறேம்மா. என்னிக்கு?"

அம்மா பக்கத்தைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமைதான் விசேஷம்."

பொய் சொன்ன குற்றத்துக்கு ஒரு லீவைத் தண்டனையாக வாங்கிக்கொண்டு போன ஆசாமி அவர் ஒருவர்தான். தான் ஏமாந்ததை அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கேட் வாசலில் தாய்மார்களிடம், யாழினிக்குத் தோஷம் சுத்தமாக நீங்கிவிட்டது என்று அறிவித்தார். மாதத்துக்கு ஒரு செவ்வாய், அதுவும் உண்மையான காரணம் எழுதிய லெட்டரோடு, என்று உத்தரவும் போட்டார். அடுத்த மாத லெட்டரில் மூன்றே வரி. 'ஐயா, நாளை செவ்வாய். எனக்கு லீவு. என் பிள்ளைகளும் வேண்டும்.' பெரியப்பாவைச் சாகடித்த கைக்கு உண்மை எழுதும்போது வேகம் குறைந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. அந்தக் கோடையில் அவரே வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் டி.சி. கேட்டார். அம்மா கையெழுத்துப் போட நெடுநேரம் பேனா தேடினார். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஏ.சி. சலூனில் வேலை கிடைத்திருக்கிறதாம். வழியனுப்ப கேட் வரை போனேன். பைக்கில் நாலு பேரும் ஏறிவிட்டார்கள். யாழினி நடுவில் நசுங்கிக்கொண்டு எனக்குக் கையாட்டினாள். கடல் பக்கத்திலேயே இருக்கும், செவ்வாய்க்கிழமை ஜோராகப் போகும் என்று சொல்லிவைத்தேன்.

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் என்னைப் பார்த்தார்.

"அது ஏழு நாளும் தொறந்திருக்கற கடை சார். ஆளுக்கு ஒரு நாள் லீவு. எனக்குப் புதன் போட்டிருக்கறாங்க." கொஞ்ச நேரம் ஹாண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "புதன் தோஷம்னு ஒண்ணு இருக்குதுங்களா சார்?"

"இல்லாட்டி இன்னா?" என்றேன். "லெட்டர் நான் எழுதி அனுப்பறேன். நீங்க போயிட்டு வாங்க."